கேட்டில் தொங்கவிட்ட துணி

ஏற்றுமதி படுத்ததும் எங்கள் ஊர் அண்டியாபீஸ்களை ஒவ்வொன்றாகப் பூட்டினார்கள். முந்திரிக்கொட்டை உடைக்கிற கம்பெனியை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். பூட்டிய கம்பெனிகளை அரசாங்கம் எடுத்து, அங்கே வேலை செய்த பெண்களான எங்களிடமே கூட்டுறவாக ஒப்படைக்க வேண்டும் என்று வீடு வீடாகப் போய்ப் பேசினேன். "ஏட்டி, நடக்கிற காரியமா?" என்று சிரித்தவர்கள்கூடக் கொஞ்சம் கொஞ்சமாக என்னோடு வந்தார்கள்.

ஆதரவைக் காட்ட, ஆளுக்கொரு வேலைத்துணியை வீட்டு கேட்டில் தொங்கவிடச் சொன்னேன். கொட்டை உடைக்கும்போது சேலைக்கு மேல் கட்டிக்கொள்கிற துணி அது. எவ்வளவு துவைத்தாலும் கறை போகாது. ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வந்தபோது தெரு முழுக்கக் கறுத்த துணிகள். எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

மதியம் கம்பெனி முதலாளியின் ஜீப் வந்தது. யாரும் இறங்கவில்லை. துணி தொங்கிய ஒவ்வொரு வீட்டின் முன்னும் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு மெல்ல நகர்ந்தது. "எடுங்கலே, நல்லா எடுங்க!" என்று கத்தினேன்.

பக்கத்து வீட்டு அக்கா மதிலோரம் வந்தாள். "ஏட்டி, எனக்க மவன் அவருக்க லாரிதான் ஓட்டுகான். எங்க வீட்ட நீயே அடையாளம் காட்டிக் குடுத்திட்டியே."

"எல்லாரும் சேந்துதானக்கா நிக்கோம்" என்றேன். அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.

விடிந்ததும் முற்றத்துக்கு வந்தேன். தெருவில் வேறு எந்த கேட்டிலும் துணி இல்லை. எல்லாவற்றையும் எங்கள் கேட்டில் இறுக்கி முடிச்சுப்போட்டுக் கட்டியிருந்தார்கள். தெருமுனையில் ஜீப் திரும்புகிற சத்தம் கேட்டது.