மகள் அழாத மத்தியானம்

என் மகளுக்கு அப்போது மூன்று வயது. தேவாலாப் பக்கம் பத்து நாளாக மழை விடவில்லை. எங்கள் தேயிலை எஸ்டேட் லைன் வீடுகளுக்கு மேலே ஓடையிலிருந்து குழாய் போட்டு, தொட்டியில் பிடித்த தண்ணீர்தான் எல்லாருக்கும். அந்த வாரம் அது மங்கலாக வந்தது. துணி கட்டி வடித்தேன், காய்ச்சவில்லை. கேஸ் தீர்ந்து, விறகும் நனைந்து கிடந்தது. சாக்குச் சொல்லவில்லை, நடந்தது அதுதான்.

காலையில் நான் கொழுந்து பறிக்கக் கிளம்பும்போது வாந்தி எடுத்தாள். பால் சேரவில்லை என்று நினைத்தேன். அடுத்த அரை மணிக்குள் மூன்று தடவை வயிற்றால் போனது. மூன்றாவது தடவை வெறும் தண்ணீர். நான் வேலைக்குப் போகவில்லை. பேக்டரியில் நைட் ஷிப்ட் முடித்து அப்போதுதான் வந்திருந்த என் கணவர் ஈரச் சட்டையோடு வாசலிலேயே நின்றார்.

"தண்ணி குடுக்காத. குடுத்தாத்தானே வெளிய போவுது. கொஞ்ச நேரம் வயிறு காயட்டும்" என்றார்.

அவர் வீட்டில் அப்படித்தான் பழக்கம். எனக்கும் அது சரியென்றே பட்டது. ஆனால் பிள்ளை தண்ணீர் தண்ணீர் என்று கையை நீட்டினாள். கொடுக்காமல் எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருப்பது? போன முறை எங்கள் லைனுக்கு வந்தபோது நர்ஸம்மா கொடுத்த ஓ.ஆர்.எஸ். என்ற உப்புச் சர்க்கரைப் பொட்டலம் ஒன்று அலமாரியில் இருந்தது. பக்கத்து வீட்டில் கொஞ்சம் காய்ந்த விறகு வாங்கி ஒரு குண்டா நிறையத் தண்ணீர் காய்ச்சினேன். அதில் ஒரு டம்ளர் எடுத்து ஆற்றி, பொட்டலத்தை அப்படியே கொட்டிக் கலக்கினேன். இரண்டு மடக்குக் குடித்தவள் உடனே வாந்தி எடுத்தாள்.

எங்கள் லைனில் போனுக்கு டவர் கிடைக்காது. மேல் ரோட்டு வளைவுக்கு ஏற வேண்டும். அவளைக் கணவர் மடியில் விட்டு ஓடி, நர்ஸம்மாவுக்குப் போன் போட்டேன். நர்ஸம்மா கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர், எங்கள் பகுதி முழுக்க நடந்தே பார்ப்பவர். அன்று ரோட்டில் மரம் விழுந்து அந்தப் பக்கம் மாட்டியிருந்தார்.

"பொட்டலத்தை எவ்வளவு தண்ணில கலக்குனீங்க?"

"ஒரு டம்ளருங்க."

"அதைக் கீழ கொட்டிருங்க. உப்பு கூடிப் போச்சுன்னா கொழந்தைக்கு ஆபத்துங்க. காச்சி ஆறின தண்ணி ஒரு லிட்டருக்கு ஒரு பொட்டலம். ஸ்பூன் ஸ்பூனாக் குடுக்கோணும். வாந்தி எடுத்தா பத்து நிமிசம் விட்டுட்டு மறுபடி குடுங்க. நிறுத்தவே கூடாதுங்க."

"பேதி நிக்கிறதுக்கு மாத்திரை வாங்கட்டுங்களா?"

"கொழந்தைக்கு அது வேண்டவே வேண்டாமுங்க. போனது போகட்டும், போன தண்ணிய நாம திருப்பி உள்ள விட்டுட்டே இருக்கோணும், அவ்வளவுதான்."

வழியில் அங்கன்வாடி அக்காவிடம் இரண்டு பொட்டலம் வாங்கிக்கொண்டு இறங்கி ஓடினேன். லிட்டர் பாட்டிலில் அளந்து கலக்கி, நிமிடத்துக்கு ஒரு ஸ்பூனாக ஊட்டினேன். ஊட்டும்போதே இன்னொரு பக்கம் பேதி போனது. துணி மாற்றி மாற்றித் துணியே இல்லாமல் போனது. பாதி நேரம் துப்பினாள், திமிறினாள், என் தலைமுடியைப் பிடித்து இழுத்து அழுதாள். எனக்கு உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை.

மத்தியானம் அவள் அடங்கினாள். அழுகை இல்லை, திமிறல் இல்லை. பாயில் அசையாமல் படுத்துக் கிடந்தாள். கணவர், "தூங்குது பாவம், எழுப்பாத" என்று மெல்லச் சொன்னார். காலையிலிருந்து முதல்முறையாக மூச்சுவிட்டேன். நல்ல சேதி சொல்லலாம் என்றுதான் மறுபடி வளைவுக்கு ஏறினேன்.

அழாமல் தூங்குகிறாள் என்றதும் நர்ஸம்மா குரல் மாறியது. "கடைசியா எப்ப ஒண்ணுக்குப் போனா?"

யோசித்தேன். விடிந்தபோது போனதுதான்.

"அழுதப்ப கண்ணுல தண்ணி வந்துச்சுங்களா?"

அதை நான் பார்க்கவே இல்லை. இப்போது நினைத்துப் பார்த்தால் கன்னம் காய்ந்துதான் இருந்தது.

"அது தூக்கமில்லைங்க. இப்பவே கிளம்புங்க. வழியெல்லாம் ஸ்பூன்ல குடுத்துட்டே வாங்க. மரத்துக்கு இந்தப் பக்கம் ஆட்டோ நிறுத்தறேன்."

வீட்டுக்கு வந்து அவள் வயிற்றுத் தோலை மெல்லக் கிள்ளி விட்டேன். மடிப்பு சட்டென்று படியவில்லை, நின்று நின்று இறங்கியது. உடம்பில் தண்ணீர் வற்றினால் தோல் அப்படி ஆகும் என்று நர்ஸம்மா எப்போதோ சொல்லியிருந்தார். கண் உள்ளே போயிருந்தது. அரைமணி நேரம் நான் நிம்மதியாக இருந்தேனே என்பதுதான் அப்போது மனதில் ஓடியது.

கணவர் அவளைத் தோளில் போட்டு பிளாஸ்டிக் ஷீட்டால் மூடிக்கொண்டார். நான் பாட்டிலும் ஸ்பூனுமாகப் பக்கத்தில் ஓடினேன். விழுந்த மரத்தின் கிளைகளுக்கு அடியில் குனிந்து நுழைந்தோம். சொன்னபடியே அந்தப் பக்கம் ஆட்டோவோடு நர்ஸம்மா நின்றார். ஸ்பூனை வாங்கி, கூடலூர் ஆஸ்பத்திரி போகும்வரை அவரே ஊட்டினார். நான் ஓடி வந்ததில் பாதி சிந்தியிருந்தது.

ஆஸ்பத்திரியில் கையில் நரம்பு கிடைக்காமல் கடைசியில் காலில் டிரிப்ஸ் ஏற்றினார்கள். டாக்டர், இது குடிக்கும் தண்ணீர் வழியாக வந்த கிருமியாக இருக்கலாம் என்றார். கிருமி தானாகவே போய்விடும், அதற்குள் உடம்பு வற்றிப்போகாமல் பார்த்துக்கொள்வதுதான் வைத்தியம் என்று நிதானமாகச் சொன்னார். சாயங்காலம் அவள் ஒண்ணுக்குப் போனாள். நனைந்த பெட்ஷீட்டை என் கணவர் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். அதன் பிறகுதான் அவள் கண்ணீரோடு அழுதாள்.

மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்தோம். டாக்டர் எழுதிக்கொடுத்த துத்தநாக (ஜிங்க்) மாத்திரையைப் பதினான்கு நாள் கரைத்துக் கொடுத்தேன். பசித்தபோதெல்லாம் கஞ்சியும் தயிர்ச்சோறும் கொடுத்தேன். லைன் ஆட்கள் தொட்டியைத் திறந்தபோது மூடி விலகி, அடியில் ஒரு ஜாண் சேறு இருந்தது. கழுவி பிளீச்சிங் பவுடர் போட்டார்கள். அதற்குள் இன்னும் நாலு வீட்டில் பேதி. பாட்டிலை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போய் அளவு காட்டினேன். நான் டம்ளரில் கலக்கியதையும் மறைக்காமல் சொன்னேன்.

அவள் தேறிவிட்டாள். நான்தான் தேறவில்லை. ஒரு மாதம் அவள் கக்கூசுக்குப் போகும்போதெல்லாம் பின்னாலேயே போய் நின்றேன். ஒரு நாள் அவள் திரும்பி, "அம்மா, நீ வெளிய நில்லு" என்று கதவைச் சாத்தினாள். நான் வெளியே நின்றேன்.