கடைசியாக லோரி ஏறியவர்

எழுபதுகளில் ரிங்லெட் என்ற மலையூருக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் நான் கணக்கு எழுதும் கிராணியாக இருந்தேன். கொழுந்து பறிக்கும் பெண்களில் ஒருவருக்குக் குட்டையான உருவம், நரைத்த தலையில் எப்போதும் சிவப்புத் துண்டு. மற்ற எல்லாரையும் ஏற்றிவிட்டுத்தான் அவர் லோரியில் ஏறுவார்.

ஒரு பிற்பகல் மழையோடு பனிமூட்டமும் இறங்கியது. பாதை சறுக்குவதற்குள் போய்விட வேண்டுமென்று டிரைவர் லோரியைக் கிளப்பினார். அந்த அம்மாள் லோரிக்கு முன்னால் போய் நின்றுகொண்டார்.

“ஓராளு கொறையுது. எடுக்காதீங்க.”

“குறுக்கு வழியா லயத்து வீட்டுக்குப் போயிருப்பாக்கா. போலாம் லா,” என்றேன் நான்.

“போயிருப்பான்னா பத்தாது ஐயா. பாக்கணும்.”

அவரே சரிவில் ஏறிப் போனார். அரை மணி நேரம் கழித்து, கால் பிசகி விழுந்து கிடந்த பெண்ணைத் தோளில் தாங்கிக் கூட்டிவந்தார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

“எப்படிக்கா அவ்வளவு உறுதியா நின்னீங்க?” என்று கேட்டேன்.

“ஜப்பான்காரன் காலத்துல, இந்தியாவ விடுவிக்க இங்கேருந்து பட்டாளம் போச்சுல்ல? அதுல பொம்பளைங்க படையில நானும் இருந்தேன். பர்மாவுலேருந்து காட்டு வழியா நடந்தே திரும்புனோம். நடக்க முடியாத புள்ளைங்கள மாத்தி மாத்தித் தூக்குனோம். கடைசி வரிசை என் பொறுப்பு. ஒருத்தியயும் விட்டுட்டு வரல.”

“சண்டை என்னாச்சு?”

“தோத்துட்டோம் லா!” என்று சிரித்தார்.

வென்றவர்கள் சொன்ன போர்க்கதைகளைப் பிறகு நிறையக் கேட்டிருக்கிறேன். தோற்றதை அத்தனை கம்பீரமாகச் சொன்னவர் அவர் ஒருவர்தான்.