தண்ணீரில் நிற்கும் புல்

முதல் வாய் அவருக்குத்தான். பையிலிருந்து புல் தண்டு ஒன்றை எடுத்து, ஒடித்து, தோலுரித்து, கடைவாயில் வைத்து மெல்கிறார் ஜெயப்ரியா. “இனிப்பு இருக்கு. நார்தான் கொஞ்சம் ஜாஸ்தி” என்று முணுமுணுத்தபடி கைபேசியில் குறித்துக்கொள்கிறார். பாலிகஞ்சில் ஏறும் மின்சார ரயிலின் பெண்கள் பெட்டியில் முதல் வாரம் எல்லோரும் முறைத்தார்கள். இப்போது நகர்ந்து இடம் கொடுக்கிறார்கள்.

திருவாரூரிலிருந்து வந்து பதினோரு வருடம். ஜாதவ்பூரில் ஆய்வுக்கூடம், தீவனப் பயிர் ஆராய்ச்சி. மழைக்காலத்தில் கொல்கத்தாவின் தெற்கு விளிம்பில் வயலெல்லாம் முழங்கால் தண்ணீர். மாடுகளுக்கு வைக்கோல்தான் கதி; பால் வற்றிவிடும். தண்ணீரிலேயே வளரும் ஒரு புல்லை நான்கு மழைக்காலமாகத் தேற்றிக்கொண்டிருக்கிறார். ஊராரோடு வங்காளத்தில் சரளமாகப் பேசுவார். மாடுகளிடம் மட்டும் தமிழ்: “வாடி தங்கம், வாயத் தொற.”

“என் மாட்டுக்குத் தமிழ் தெரியாது, திதி” என்று வங்காளத்து ‘அக்கா’ போட்டுச் சொல்வார் கல்யாணி மண்டல். சோனார்பூரில் தன் பள்ள நிலத்தை இந்தப் புல்லுக்குக் கொடுத்திருப்பவர். போன செவ்வாய்க்கிழமை அவருடைய மாடு புல்லை முகர்ந்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டது. கல்யாணி தீர்த்துச் சொல்லிவிட்டார்: “நாளைக்கும் வாய் வைக்கலேன்னா, எல்லாத்தையும் பிடுங்கிப் போட்டுட்டு மீன்குஞ்சு விட்டுடுவேன்.”

ஜெயப்ரியா புல் வந்த கோணிக்குள் கையை விட்டார். உள்ளே வெந்துபோயிருந்தது. முந்தின நாள் இதே வயலில் அறுத்து, எடை போட ஜாதவ்பூருக்குத் தூக்கிப்போய், ஈரத்தோடு திணித்துத் திரும்பக் கொண்டுவந்தவர் அவர்தான். “புல்லு மேல தப்பில்ல, எம் மேல” என்று தமிழில் சொல்லி, பிறகு கல்யாணிக்குப் புரியும்படியும் சொன்னார்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு, கொட்டும் மழையில் வயலில் நின்றார். தானே அறுத்தார். கல்யாணியின் அரிவாள்மணையில் உட்கார்ந்து பொடிப்பொடியாக நறுக்கினார்.

“ஐயோ, அடுப்படிச் சாமான்லயா புல்லு!”

“கழுவித் தரேன், திதி.”

மாடு முகர்ந்தது. யோசித்தது. ஒரு வாய். பிறகு கொம்பால் தொட்டியை முட்டிக்கொண்டு தின்றது.

கல்யாணி சிரித்தார். “ஜெயிச்சுட்டே போ. இந்தா, டீ குடி.”

“அந்தச் சின்னது?” பக்கத்தில் கட்டியிருந்த இளம் பசுவைக் காட்டினார் ஜெயப்ரியா.

“அவளா? என் மருமக மாதிரி. எத வச்சாலும் குறை சொல்லுவா.”

வாங்கிய டீயை அப்படியே சுவர்மேல் வைத்துவிட்டு, சின்னதுக்கும் அறுக்க அரிவாளை எடுத்துக்கொண்டு ஜெயப்ரியா மறுபடியும் தண்ணீரில் இறங்கினார்.