சத்தத்தை ஏன் நிறுத்தினேன்

1971 ஜனவரி 20, புதன்கிழமை. ஐந்து மணிக்கு எழுந்தேன். ஜெபம் பண்ணினேன். கைப்பம்பில் நான்கு குடம் தண்ணீர் அடித்தேன். மூன்று இட்லி, ஒரு டம்ளர் காப்பி. கட்டுரை நோட்டுகளில் மிச்சமிருந்த பன்னிரண்டைத் திருத்தினேன். எட்டே முக்காலுக்கு அறையைப் பூட்டிக்கொண்டு வாய்க்கால் கரை வழியாக நடந்து, ஒன்பது பத்துக்குப் பள்ளிக்கூடத்தில் கையெழுத்துப் போட்டேன். அன்றைய நாட்குறிப்பில் இதுவரை உள்ளது எந்தப் புதன்கிழமைக்கும் பொருந்தும். அடுத்த வரிதான் வேறு: "பதினொன்றாம் வகுப்பில் ஒன்பது பேர் வரவில்லை. ஒன்பது பேரும் கீழத்தெரு."

அப்போது எனக்கு முப்பத்தொரு வயது. தரங்கம்பாடிப் பக்கத்து லுத்தரன் குடும்பத்தில் பிறந்து, திருவையாற்றுக்குக் கிழக்கே ஒரு கிராமத்தில் ஆங்கில ஆசிரியையாக இருந்தேன். பள்ளிக்கூடத்தை நடத்தியவர் அந்த ஊரின் பெரிய மிராசுதார். அவரே தாளாளர். கீழத்தெருவில் இருந்தவர்கள் பெரும்பாலும் அவருடைய வயலில் வேலை செய்த கூலிக் குடும்பங்கள்.

தை மாதம். சம்பா அறுவடைக்குப் பிள்ளைகள் போயிருக்கலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் கூலிப் பேச்சு முடியாததால் அந்த வாரம் யாரும் அரிவாளைத் தொடவில்லை. காலையில் வரும்போது நானே பார்த்தேன், கதிர் சாய்ந்து கிடந்தது, வயலில் ஒரு ஆள் இல்லை. ஆக, பிள்ளைகள் வீட்டில் இருக்கிறார்கள். யாரோ போகாதே என்று சொல்லியிருக்கிறார்கள்.

அந்தக் காலத்தில் பதினொன்றாம் வகுப்பு முடிவில் வந்த எஸ்.எஸ்.எல்.சி. தேர்வுக்கு இரண்டு மாதம் இருந்தது. அந்த ஒன்பது பேரில் ஏழு பேருக்கு வருகை நாட்கள் ஏற்கெனவே குறைவு. இன்னும் ஒரு வாரம் வராவிட்டால் தேர்வு எழுத விடமாட்டார்கள். கீழத்தெருவிலிருந்து பதினொன்றாம் வகுப்புவரை வந்த முதல் பிள்ளைகள் அவர்கள்.

முந்தின நாள் நான் செய்த புதுக் காரியம் ஒன்றுதான். படம் காட்டினேன்.

கோடை விடுமுறையில் தஞ்சாவூரில் ஆங்கில ஆசிரியர்களுக்கு ஒரு பயிற்சி நடந்தது. படத்தைச் சத்தமில்லாமல் ஓட்டி, திரையில் நடப்பதை மாணவர்களை ஆங்கிலத்தில் சொல்லவைக்க வேண்டும் என்று அங்கே கற்றுக்கொடுத்தார்கள். அங்கே கேட்டு எழுதிப் போட்டிருந்த புரொஜக்டரும் படப் பெட்டியும் திங்கட்கிழமை பஸ்ஸில் வந்தன. வெளிநாட்டுக் கோதுமை வயலில் ஒரு நாள் நடப்பது படம். இருபது நிமிடம். விஞ்ஞான அறை ஜன்னல்களுக்குச் சாக்குக் கட்டி, முதல் மூன்று நிமிடம் சத்தத்தோடு ஓட்டினேன். பிறகு குமிழைத் திருகிச் சத்தத்தை நிறுத்தினேன்.

பிள்ளைகளிடம் இது புது முறை என்று சொன்னேன். அது பொய் இல்லை. ஆனால் படத்துக்கு விளக்கம் சொன்ன வெள்ளைக்காரர் பேசியதில் பத்தில் இரண்டு வார்த்தைகூட எனக்குப் பிடிபடவில்லை. பதினோரு வருடம் ஆங்கிலம் படித்து, எட்டு வருடம் சொல்லிக்கொடுத்தவள். அந்த மொழியைப் பிறப்பிலேயே பேசுகிறவர் வாயிலிருந்து கேட்டது அதுதான் முதல் தடவை. அந்த முறை மட்டும் இல்லையென்றால் செவ்வாய்க்கிழமையே மாட்டியிருப்பேன்.

பிள்ளைகள் நன்றாகவே சொன்னார்கள். ஒரு மனிதர் ஏறுகிறார். இயந்திரம் ஓடுகிறது. இயந்திரம் அறுக்கிறது, அதுவே கதிரடிக்கிறது. அப்போது கீழத்தெருப் பெண் ஒருத்தி எழுந்து, அறுக்கிற ஆட்கள் எங்கே என்று தமிழில் கேட்டாள். வகுப்பில் முதல் மாணவி, கூலியாட்கள் சங்கத் தலைவரின் மகள். ஆங்கிலத்தில் கேள் என்றேன். கேட்டாள். நல்ல கேள்வி என்று அதைக் கரும்பலகையில் எழுதினேன். பதில் சொல்லாமல் அடுத்த காட்சிக்குப் போய்விட்டேன்.

புதன்கிழமை முதல் பீரியட் முடிந்து வெளியே வந்தபோது தலைமையாசிரியர் வராந்தாவில் நின்றார்.

"டீச்சர், நான் யார்கிட்டயும் எதுவும் சொல்லலை" என்றார்.

நான் எதுவும் கேட்டிருக்கவில்லை. மணி பத்து முப்பத்தைந்து என்று குறித்துவைத்திருக்கிறேன்.

பதினொன்றே முக்காலுக்குத் தாளாளர் வந்தார். நேராக விஞ்ஞான அறைக்குப் போய், மூடியிருந்த புரொஜக்டரைச் சுற்றிவந்து பார்த்தார்.

"டீச்சரம்மா, படத்துல கண்ணுக்கெட்டுற தூரம் ஒரே வயலாமே. வரப்பே இல்லையாமே."

"ஆமாங்க."

"அவ்வளவும் ஒருத்தன் பேர்லயா இருக்கு? அந்த ஊர்ல நில உச்சவரம்பு கிடையாதா?"

"தெரியலைங்க."

"ஒருத்தன் பேர்ல இல்லைன்னா சர்க்கார் பண்ணை. அப்ப அது எந்தத் தேசத்துப் படம், யாரு உங்ககிட்ட கொடுத்து அனுப்புனது? பேசிட்டிருந்த படத்தைப் பாதியில வாயடைச்சீங்களாம். பெரியவங்க காதுல விழக்கூடாத சங்கதி என்ன இருந்தது அதுல?"

பயிற்சி முறையை விளக்கினேன். முழுவதையும் கேட்டுவிட்டு, "நாலேகாலுக்கு வர்றேன். சத்தத்தோட போடுங்க. வரிக்கு வரி தமிழ்ல சொல்லுங்க" என்றார்.

சத்தத்தை நிறுத்தியது அவருக்கு எப்படித் தெரியும்? ஜன்னல்களில் சாக்குக் கட்டியிருந்தது. கதவுப் பக்கம் தலைமையாசிரியர் ஒரு தடவை வந்தார். மேலத்தெருப் பையன்கள் பதினான்கு பேர் உள்ளே இருந்தார்கள். மத்தியானம் சாப்பிடாமல் இதை யோசித்தேன். இன்றுவரை தெரியவில்லை.

பன்னிரண்டு நாற்பதுக்குப் பள்ளிக்கூட வாசலில் அந்தப் பெண்ணின் அப்பா நின்றார். உள்ளே வாங்க என்றேன், வரவில்லை.

"மிராசுதார் அறுக்கிற மெஷினுக்கு எழுதிப் போட்டுட்டாராமே" என்றார்.

"எனக்கு அதெல்லாம் தெரியாதுங்க."

"கூலி பேசிக்கிட்டிருக்கிற வாரத்துல, அவர் பள்ளிக்கூடத்துல, எங்க புள்ளைங்களைக் கூப்பிட்டு வச்சு மெஷின் அறுக்கிறதைக் காட்டியிருக்கீங்க. மெஷின் விலையும் அது கிடைக்கிற ஊரும் சொல்ற இடம் வந்ததும் சத்தத்தை நிறுத்திட்டீங்க. நாங்க என்னன்னு நினைக்கிறது?"

"விலை எதுவும் சொல்லலைங்க."

"அப்ப என்ன சொன்னான்?"

நாலேகாலுக்குப் படம் போடப்போகிறேன், நீங்களும் வாங்க என்றேன். பிள்ளைகளை நாளைக்கு அனுப்புங்கள், தேர்வு போய்விடும் என்றும் சொன்னேன். "அதைப் படம் பார்த்துட்டுச் சொல்றோம்" என்றார்.

நாலேகாலுக்குத் தாளாளர் நாற்காலியில் உட்கார்ந்தார். கீழத்தெரு ஆட்கள் ஐந்து பேர் வந்து கடைசி பெஞ்சுகளில் உட்கார்ந்தார்கள். தாளாளர் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். அவர்கள் எழுந்திருக்கவில்லை. தலைமையாசிரியர் கதவுக்குப் பக்கத்தில் நின்றார். படத்தை ஓட்டினேன்.

வாத்தியம், பிறகு அந்தக் குரல். காலை என்றேன், கோதுமை என்றேன், குடும்பம் என்றேன். அதற்குள் அந்தக் குரல் நான்கு வாக்கியம் தாண்டிவிட்டது. இயந்திரம் வந்தது.

"இப்ப என்ன சொல்றான்?" தாளாளர் கேட்டார்.

அங்கே இருந்த யாருக்கும் என்னைவிட அதிகம் தெரியாது. நான் எதைச் சொன்னாலும் அதுதான் படம். இரண்டு பக்கமும் நிம்மதியாக எழுந்துபோகும்படி ஒரு வாக்கியம் சொன்னால் போதும் என்று பட்டது.

"இந்த மெஷின் சேத்து நிலத்துக்கு ஆகாதுன்னு சொல்றார்."

கடைசி பெஞ்சிலிருந்து அந்த அப்பாவின் குரல் வந்தது.

"அவன் ஊர்ல ஏது டீச்சர் சேறு? மெஷின் போற இடமெல்லாம் புழுதியில்ல பறக்குது. கண்ணுலயே பார்க்காத சேத்தைப் பத்தி அவன் எதுக்குப் பேசுறான்?"

திரையைப் பார்த்தேன். புழுதிதான். புரொஜக்டரை நிறுத்தினேன்.

"அவர் அப்படிச் சொல்லலை. என்ன சொல்றார்னு எனக்குப் புரியலை. நானா சொன்னேன்."

தாளாளர் நாற்காலியைத் திருப்பிப்போட்டு உட்கார்ந்தார். "புரியலையா? இங்கிலீஷ் டீச்சருக்கா? அப்ப நேத்து எப்படிப் பாடம் நடத்துனீங்க?"

"சத்தத்தை நிறுத்திட்டுத்தாங்க."

கடைசி பெஞ்சில் யாரோ சிரித்தார்கள். தலைமையாசிரியர் தரையைப் பார்த்தார்.

"நம்பாதய்யா, மறைக்கிறாங்க" என்றார் தாளாளர். கீழத்தெரு ஆட்களைப் பார்த்து அவர் பேசியது அன்றைக்கு அதுதான் முதல் பேச்சு.

அந்த அப்பா எழுந்தார். "மொத சொன்னது பொய்ங்க. இது பொய் இல்லை. தெரியலைன்னு சொல்லி தன் பொழப்பைத் தானே கெடுத்துக்கிட்டு யாரும் பொய் சொல்ல மாட்டாங்க." பிறகு தாளாளரிடம், "மெஷின் வருதா இல்லையாங்கறதை வெள்ளைக்காரன்கிட்ட ஏங்க கேட்கணும்? நீங்க இங்கதானே இருக்கீங்க" என்றார்.

"மாடே புதையுற வயல்ல மெஷினா?" என்றார் தாளாளர். ஆமா என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அதை எல்லாருமே கவனித்தோம். போகும்போது வாசலில் நின்று, "டீச்சரைப் பத்திக் கமிட்டியில பேசிக்கலாம்" என்று தலைமையாசிரியரிடம், எனக்குக் கேட்கும்படியே சொன்னார்.

அந்த அப்பா கடைசியாகப் புறப்பட்டார். "புள்ளைங்களை அனுப்பறோம். ஆனா படத்தைச் சத்தத்தோட போடுங்க. எத்தனை நாள் ஆனாலும் சரி, அவன் என்ன சொல்றான்னு எங்களுக்குத் தெரியணும்."

"எனக்கே தெரியலைன்னு சொன்னேனே."

"முப்பது பேர் காது வச்சுக் கேட்டா ஆளுக்கு ஒரு வார்த்தை கிடைக்காதா?"

அனுப்புவார்கள் என்று நான் நம்பவில்லை. அன்றைய குறிப்பின் கடைசி வரி: "நாளை பார்க்கலாம்."

வியாழக்கிழமை காலை முதல் மணி அடித்ததும் முதல் வேலையாக வருகைப் பதிவேட்டைத் திறந்து பெயர் கூப்பிட்டேன். ஒன்பது பேரும் பதில் சொன்னார்கள். ஒவ்வொரு பதிலையும் ஜன்னலுக்கு வெளியே நின்று விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தார் அந்த அப்பா. எண்ணி முடித்த பிறகும் போகவில்லை, படத்தின் சத்தம் கேட்கக் காத்து நின்றார்.