மூன்றாவது பேஸில் என் மனுசி

முதலில் மன்னிப்புக் கேட்டுவிடுகிறேன். இந்தக் கிழமைப் பத்தியில் பேஸ்போல் பற்றி எழுதப்போகிறேன். அதற்கு எனக்கு ஒரு தகுதியும் இல்லை. பள்ளிக்கூடத்தில் ஓ.எல். பரீட்சை வரைக்கும் படித்தவன். பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டியில் நான் செய்த பெரிய வேலை, மைதான ஓரத்தில் கொடிக்கம்பம் சரியாமல் பிடித்துக்கொண்டு நின்றது. அப்படிப்பட்ட ஆள் அமெரிக்க விளையாட்டு ஒன்றைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வருவது... கொஞ்சம் அதிகம்தான். ஆனால் போன ஞாயிற்றுக்கிழமை நடந்ததை எழுதி முடிக்காமல் வேறு எதையும் எழுத வராது போலிருக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்தப் பத்தியைத் தொடர்ந்து வாசிக்கிறவர்களுக்கு என் மனைவி மலரைத் தெரியும். ரயிலில் ஏறினால் பக்கத்தில் இருப்பவரோடு கதைத்துக்கொண்டே வருகிறவள். நான் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வருகிறவன். நாங்கள் இருக்கும் பிரெஞ்சுத் தலைநகரின் ஓரத்தில், சார்செலில், ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில் அவளுக்கு வேலை. அங்கே கூட வேலை செய்யும் சில்வி என்ற பிரெஞ்சுப் பெண்தான் இதற்கெல்லாம் காரணம்.

சில்வி ஒரு சின்ன பேஸ்போல் கழகத்துக்குப் பயிற்சியாளர். ஆணும் பெண்ணும் கலந்து விளையாடும் கழகம். இந்த வருசத் தொடக்கத்தில் ஆட்கள் போதாமல் இருந்திருக்கிறது. “நீ ஏதாவது விளையாடியிருக்கிறாயா?” என்று சும்மா கேட்டிருக்கிறார்.

“ஓம். எல்லே விளையாடியிருக்கிறன்” என்று மலரும் சும்மாதான் சொல்லியிருக்கிறாள்.

எல்லே தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. இலங்கைப் பள்ளிக்கூடங்களில் விளையாடுவது. மூங்கில் தடியால் பந்தை அடித்துவிட்டு ஓட வேண்டும். தூரத்திலிருந்து பார்த்தால் பேஸ்போல் மாதிரியே இருக்கும். ஆனால் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. எல்லேயில், ஓடுகிற ஆளின் உடம்பில் பந்தை எறிந்து பட வைத்தால் அவர் அவுட். பேஸ்போலில் அப்படி இல்லை. பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஆளைத் தொட வேண்டும், அல்லது அவர் ஓடிச் சேர வேண்டிய பேஸ் என்ற இடத்துக்கு அவருக்கு முன் பந்து போய்ச் சேர வேண்டும். மைதானத்தில் அப்படி மூன்று பேஸ், ஒவ்வொன்றிலும் எறிந்து பிடிக்க ஒரு ஆள்.

இந்த வித்தியாசத்தை மலருக்கு யாரும் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. எல்லாம் தெரிந்த மாதிரித்தானே இருக்கிறது!

முதல் ஆட்டம் பொபினி என்ற ஊர்க் கழகத்தோடு. அந்தக் கழகத்தின் பயிற்சியாளர் கரீம், பஸ் ஓட்டுகிறவர். நல்ல பெரிய உடம்பு. அவரே பந்தை அடித்துவிட்டு ஓடினார். பந்து மூன்றாவது பேஸில் நின்ற மலரிடம் வந்தது. எடுத்தாள். குறி பார்த்தாள். எறிந்தாள்.

பொத்தென்று ஒரு சத்தம். நடு முதுகு.

கரீம் புல்லில் குப்புற விழுந்தார். மலர் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு “அவுட்! அவுட்!” என்று துள்ளினாள். மைதானத்தில் வேறு ஒருவரும் துள்ளவில்லை. நான் தேநீர்ப் பிளாஸ்க்கோடு ஒரு மரத்துக்குப் பின்னால் போய் நின்றுவிட்டேன்.

அன்றைக்கே விட்டுவிடுவாள் என்று நினைத்தேன். விடவில்லை. வேலை முடிந்து வந்ததும் எங்கள் கட்டடத்துக்குப் பின்னால் உள்ள புல்வெளியில் எறிந்து பழகத் தொடங்கினாள். எறிந்தால் பிடிக்க ஆள் வேண்டாமா? மூன்றாவது பேஸிலிருந்து அவள் எறிகிறதைப் பிடிக்கிற முதலாவது பேஸ் நான்தான். சில்வி தந்த பழைய தோல் கையுறையைப் போட்டுக்கொண்டு, சந்தியில் நிற்கிற தபால்பெட்டி மாதிரி அசையாமல் நிற்பேன். மேல் மாடியில் இருக்கிற தமிழ்ச் சனம் யன்னல் திறந்து பார்க்கும். எனக்கு வெட்கத்தில் காது சுடும். அவளுக்கு ஒன்றும் இல்லை.

இப்படியே வசந்தமும் கோடையும் போயின.

பருவம் முடிந்ததும் இந்தக் கழகங்கள் எல்லாம் சேர்ந்து ஒரு வேலை செய்கின்றன. அந்த வருசம் முதன்முதலாக விளையாட வந்தவர்களில் மிகச் சிறந்த ஒன்பது பேரைத் தெரிந்தெடுத்து ஒரு ‘புதுமுக அணி’ அமைப்பார்கள். அந்த அணி, வெற்றி பெற்ற கழகத்தோடு ஒரு ஆட்டம் ஆடும். அவ்வளவுதான். கிண்ணமும் இல்லை, பொன்னாடையும் இல்லை. ஆனால் ஒன்று – புதுமுகமாக இருக்க ஒருவருக்கு ஒரு வருசம்தான் கிடைக்கும். அடுத்த வருசம் எவ்வளவு நன்றாக விளையாடினாலும் இந்த அணியில் இடமில்லை.

மலருக்கு அந்த இடம் வேண்டும். வாய் திறந்து சொல்லவில்லை. “எடுத்தா எடுக்கட்டும், இல்லாட்டி இல்லை” என்றுதான் சொல்லிக்கொண்டு திரிந்தாள். ஆனால் சொல்லிக்கொண்டே விளையாட்டுச் சட்டையை அயர்ன் பண்ணினாள். அந்தச் சட்டையை யாராவது அயர்ன் பண்ணுவார்களா?

பள்ளிக்கூடத்தில் ஒருமுறை அவளை வலய எல்லே அணிக்கு எடுத்திருக்கிறார்கள். ஆட்டம் நடக்கவிருந்த கிழமை போரால் பள்ளிக்கூடமே இடம்பெயர்ந்துவிட்டது. கலியாணம் முடித்த புதிதில் ஒருமுறை சொன்னாள். பிறகு அதைப் பற்றிக் கதைத்ததில்லை.

தெரிவுக் கூட்டம் எங்கே தெரியுமா? எங்கள் தமிழ்க் கடைத்தெருவான லாச்சப்பலில்! பாதிக் கழகங்கள் வடக்கே ஒரு ரயில் பாதையில், மீதி இன்னொரு பாதையில். எல்லோருக்கும் நடு இதுதான் என்று, நான் வேலை செய்யும் அச்சகத்துக்குப் பக்கத்து கஃபேயின் பின்னறையைப் பிடித்திருந்தார்கள். ஒவ்வொரு கழகத்திலிருந்தும் பயிற்சியாளரும் விளையாடாத இன்னொருவரும் வர வேண்டும். எல்லா ஆட்டத்துக்கும் வந்து நின்ற விளையாடாத ஆள் எங்கள் கழகத்தில் நான் ஒருவன்தான். சில்வி என்னைக் கேட்டார். எனக்கு இல்லை என்று சொல்லத் தெரியாது. பிரெஞ்சில் மட்டுமல்ல, தமிழிலும்தான்.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் அச்சகம் திறந்திருக்கும். நான் வாசலைக் கடந்து போகையில் கூட வேலை செய்யும் சந்திரன் கண்டுவிட்டான்.

“என்ன அண்ணை, நல்ல உடுப்புப் போட்டு வெளிக்கிட்டு நிக்கிறியள்? அக்காவுக்கு வோட்டுக் கேக்கப் போறியளோ?”

“சும்மா இரடா. நான் போய் ஒரு மூலையில இருந்திட்டு வாறதுதான்.”

“மூலையில இருந்தா அக்காவும் மூலையிலதான் இருப்பா, அண்ணை.”

உள்ளே போன பிறகுதான் ஒழுங்கு என்னவென்று தெரிந்தது. பயிற்சியாளர்கள் வாக்குப் போடுவார்கள். ஆனால் தங்கள் ஆளுக்குத் தாங்களே பேசவும் கூடாது, வாக்குப் போடவும் கூடாது. பேச வேண்டியது கூட வந்த ஆள்.

அதாவது நான்.

சில்விக்கு அதில் ஒரு பிரச்சினையும் தெரியவில்லை. “உன் மனைவிதானே? உன்னைவிட யாருக்குத் தெரியும்?” என்று தோளில் தட்டினார். பத்துப் பன்னிரண்டு பேருக்கு முன்னால் எழும்பி நின்று, என் மனுசி கெட்டிக்காரி என்று நானே சொல்வதா?

முதலாவது பேஸுக்கு ஆள் தெரிவு முடிந்தது. இரண்டாவது பேஸ் முடிந்தது. ஒவ்வொருவரும் தங்கள் ஆளைப் பற்றி என்னமாய்ப் பேசுகிறார்கள்! ஒருவர் தன் மைத்துனனைப் பற்றிப் பேசினார் – உலகத்தில் அப்படி ஒரு மைத்துனன் பிறக்கவே இல்லை. ஒருவர் முகத்திலும் வெட்கமில்லை.

மூன்றாவது பேஸ் வந்தது. போட்டிக்கு இரண்டு பேர். மலரும், தோமா என்ற மாணவனும். தோமாவுக்காக வந்த பெண் டெலிபோனில் வீடியோ போட்டுக் காட்டினாள். பையன் மான் மாதிரிப் பாய்ந்தான். எல்லோரும் தலையாட்டினார்கள். பிறகு எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

எழும்பினேன்.

எங்கள் ஆட்களுக்குப் புகழத் தெரியாது என்று யார் சொன்னது? நன்றாகத் தெரியும். புகழப்படுகிற ஆள் செத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். அச்சகத்தில் என் வேலையே அதுதான். கண்ணீர் அஞ்சலி, முப்பத்தோராம் நாள் நினைவு அட்டை எல்லாம் நான்தான் தட்டச்சு செய்கிறேன். ‘பாசத்தின் உறைவிடமே, பண்பின் சிகரமே’ என்று விரல் தானாக ஓடும். ஒரு நல்ல வார்த்தையும் கேட்காமல் போன மனிதருக்குப் பிள்ளைகள் வந்து, “அண்ணை, இன்னும் ரெண்டு வரி கூட்டிப் போடுங்கோ” என்பார்கள். இப்போது பேரப்பிள்ளைகளுக்காகப் பிரெஞ்சிலும் போடச் சொல்கிறார்கள். தடக்குப்படாமல் எனக்கு வருகிற பிரெஞ்சு வசனங்கள் அவை மட்டும்தான்.

பயத்தில் மனிதனுக்கு எது வரும்? தெரிந்ததுதானே வரும்!

“மலர்...” என்று தொடங்கினேன். “அன்பு மனைவி. பாசமிகு தாய். எல்லோரோடும் இனிமையாகப் பழகியவர். தன் கடமைகளை முகம் சுளிக்காமல் செய்தவர். அவரை அறிந்த அனைவரின் இதயத்திலும் என்றும்...”

அறையில் ஒரு சத்தமும் இல்லை. நன்றாகப் போகிறது என்று நினைத்தேன்.

கரீம் மெல்ல எழும்பினார். தொப்பியைக் கழற்றினார். என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“ஐயா... எப்போது நடந்தது?”

“எது?”

“உங்கள் மனைவி... எங்களுக்கு ஒருவரும் சொல்லவில்லையே.”

சில்வி மேசையில் ஒரு தட்டுத் தட்டினார். “அவள் செத்தாளா? காலையில் எனக்கு மெசேஜ் போட்டாளே!”

“இல்லை, இல்லை! வீட்டில் இருக்கிறாள்! மீன் வெட்டிக்கொண்டிருக்கிறாள்!”

அந்த அறை சிரித்த சிரிப்பு தெருவுக்குக் கேட்டிருக்கும். கரீம் தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டு சிரித்தார். நானும் சிரித்தேன். அதற்குமேல் வெட்கப்பட என்னிடம் ஒன்றும் மிச்சமில்லை. அதனால்தானோ என்னவோ, பிறகு வந்த பிரெஞ்சு பிழை பிழையாக வந்தாலும் என் சொந்தப் பிரெஞ்சாக வந்தது.

“எனக்கு இந்த விளையாட்டுத் தெரியாது” என்றேன். “ஒன்று மட்டும் தெரியும். அவள் எறிகிற பந்தை நான் கோடை முழுக்கப் பிடித்திருக்கிறேன். நான் பிடிக்கத் தெரியாதவன். கையை நெஞ்சுக்கு நேரே வைத்துக்கொண்டு சும்மா நிற்பேன். பந்து அந்தக் கைக்குள் வந்து விழும். களைத்து வந்த நாளிலும் விழும். மழை தூறினாலும் விழும். நான் குனிந்து எடுத்தது குறைவு. தோமா ஓடுகிறதை வீடியோவில் பார்த்தேன், நல்ல பிள்ளை. ஆனால் மூன்றாவது பேஸில் நிற்கிற ஆள் ஓட வேண்டுமா, எறிய வேண்டுமா? எனக்குத் தெரியாது. உங்களைத்தான் கேட்கிறேன்.”

உட்கார்ந்துவிட்டேன். இடம்பெயர்ந்த பள்ளிக்கூடத்துக் கதை நாக்கு நுனி வரை வந்தது. சொல்லவில்லை. இரக்கப்பட்டு எடுத்தார்கள் என்று தெரிந்தால் மலர் அந்தச் சட்டையைத் தொடவும் மாட்டாள்.

பிறகு கரீம் முதுகைத் தடவிக்கொண்டே சொன்னார்:

“நான் அன்றைக்கு முழு வேகத்தில் ஓடினேன். அவள் எவ்வளவு தூரத்தில் நின்றாள்! சரியாக நடு முதுகில் பட்டது. சட்டப்படி பிழைதான்... ஆனால் எறி பிழையில்லை.”

வாக்குக் கேட்டார்கள். சில்விக்கும் தோமாவின் பயிற்சியாளருக்கும் வாக்கில்லை. மீதி நாலு பேரில் மூன்று பேர் மலருக்குக் கை உயர்த்தினார்கள். முதலில் உயர்ந்தது கரீமின் கை.

வீட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் சில்வி டெலிபோனில் எல்லாவற்றையும் ஒப்புவித்துவிட்டார். கதவைத் திறந்துகொண்டு மலர் நின்றாள்.

“எடுத்திட்டினமாம்.”

“ஓம்.”

“நான் செத்துப்போனன் எண்டு சொன்னனீங்களாம்.”

“அது... வாயில வந்திட்டுது. பிறகு சரியாச் சொன்னன்.”

“என்ன சொன்னனீங்கள்?”

“நீர் எறியிறது நேரா வரும் எண்டு.”

“இவ்வளவு காலமும் எனக்கு ஒருநாளும் சொல்லேல்லையே?”

“உமக்கு எங்கை சொன்னன்? அவைக்குத்தானே சொன்னன்.”

சிரித்துவிட்டாள். சிரித்துக்கொண்டே மீன் சட்டி இருந்த குசினிக்குள் போனாள். அங்கே போய் மூக்கைச் சிந்துகிற சத்தம் கேட்டது. நான் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டு வாசலிலேயே நின்றேன். அந்த நேரத்தில் உள்ளே போவது சரியாகப் படவில்லை.

புதுமுக அணியின் ஆட்டம் அடுத்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. அன்றைக்கு மலருக்கு வேலை நாள்.

மறுநாள் திங்கட்கிழமை வேலைக்குப் போனதும் பொறுப்பாளரிடம் அந்த ஞாயிறு லீவு கேட்டாளாம். எங்கள் ஆட்கள் லீவுக்குச் சொல்கிற மாதிரி பிள்ளைக்குக் காய்ச்சல் என்று சொல்லவில்லை. சொந்தத்தில் செத்தவீடு என்றும் சொல்லவில்லை. விளையாடப் போகிறேன் என்று சொல்லியிருக்கிறாள். லீவு கொடுத்தார்கள்.