ஈரம் காயும்வரை

என் பெருமையை நானே பேசுவது என் வீட்டுக்காரருக்குப் பிடிக்காது. அவர் ரயில்வேக்காரர். வண்டி நேரத்துக்கு வந்தால் யாரும் கைதட்டுவதில்லை, வராவிட்டால்தான் பேச்சு என்பார். நான் அந்த ரகம் இல்லை. புனேயில் ஒரு மருத்துவமனையில், குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவில் இருபத்திரண்டு வருடமாக நர்ஸாக இருக்கிறேன். கோர்படியிலிருந்து தினமும் ஸ்கூட்டரில் போய் வருகிறேன். என்னைப் பற்றி நான் சொல்லாமல் வேறு யார் வந்து சொல்லப்போகிறார்கள்?

எங்கள் பிரிவில் மராத்திக்காரியும் மலையாளத்துப் பெண்ணும் பீகாரிலிருந்து வந்தவளும் தமிழில் எண்ணுவார்கள். பதினைந்து வரைக்கும்தான். குழந்தையின் ரத்தக்குழாய்க்குள் போட்டு வைக்கும் மெல்லிய குழாயைக் கதீட்டர் என்போம். மருந்து ஏற்றும்போதெல்லாம் முதலில் அதன் வாயை ஸ்பிரிட் பஞ்சால் தேய்க்க வேண்டும். பதினைந்து எண்ணும்வரை தேய்த்து, அப்புறம் காயவிட வேண்டும். மனசுக்குள் எண்ணினால் அவசரத்தில் எட்டிலேயே பதினைந்து வந்துவிடும் என்பதால் நான் வாய்விட்டு எண்ணுவேன். கேட்டுக் கேட்டு அவர்களுக்கும் ஒட்டிக்கொண்டது. நான் பெற்ற மகளுக்கு இருபதைத் தாண்டினால் இந்தி வந்துவிடுகிறது. மராத்திக்காரியோ ‘பதினாலு, பதினஞ்சு’ என்று அழுத்தம் திருத்தமாக முடிப்பாள். எனக்குக் கொஞ்சம் கர்வமாகத்தான் இருக்கும்.

ஆனால் அது பிளாஸ்டிக்கைத் தேய்ப்பது. எவ்வளவு தேய்த்தாலும் அதற்கு வலிக்காது. குழாயை முதன்முதலில் தொப்புள் வழியாகப் போடும்போது சுத்தம் செய்ய வேண்டியது குழந்தையின் தோலை. மூன்று மாதம் முந்திப் பிறந்த குழந்தைக்குத் தோல் என்று சொல்வதே ஒரு மரியாதைக்குத்தான். கொதித்து ஆறிய பாலில் படியும் ஆடைதான் அது. சரியாகச் சுத்தம் செய்யாவிட்டால் கிருமி குழாயோடு சேர்ந்து நேரே ரத்தத்துக்குள் போய்விடும். அதிகமாகச் செய்தால் கிருமியைக் கொல்லும் மருந்தே தோலைப் பொசுக்கிவிடும்.

இதை நான் புத்தகத்தில் மட்டும் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. எங்கள் வீட்டில் சுத்தம் என்றால் ஊற்றிக் கழுவுவது. ஈரத்துணியால் தரையைத் துடைப்பதை அம்மா சோம்பேறித்தனம் என்பாள். வாளி வாளியாக ஊற்றித் தள்ளினால்தான் அவளுக்குத் திருப்தி. வேலைக்குச் சேர்ந்த புதிதில் அந்தக் கையோடுதான் ஒரு குழந்தைக்கு மருந்து போட்டேன். பஞ்சு சொட்டச் சொட்டத் துடைத்தேன். பார்த்த டாக்டர் பாராட்டக்கூடச் செய்தார். வயிற்றில் போட்ட மருந்து இரண்டு பக்கமும் வழிந்து முதுகுக்கடியில் தேங்கியதை நான் கவனிக்கவில்லை. அந்த ஈரத்துணியிலேயே குழந்தை கிடந்தது. மறுநாள் திருப்பிப் போட்டபோது முதுகு சிவந்து கொப்பளித்திருந்தது.

குழந்தை பிழைத்துக்கொண்டது. ஆனால் என் இரண்டு விரல் அகலத்துக்குத் தழும்பு நின்றுவிட்டது. யாரும் என்னைத் திட்டவில்லை. மருந்து அப்படி, தோல் அப்படி என்று சமாதானம் சொன்னார்கள். அந்தத் தாயிடம் நானே போய், என் கையால்தான் நடந்தது என்று சொன்னேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

போன மழைக்காலத்தில் ஒரு பெண் குழந்தை வந்தது. ஒரு கிலோ சர்க்கரைப் பொட்டலத்தைவிட எடை குறைவு. பெற்றோர் விஷ்ராந்த்வாடியில் இருக்கும் தமிழ் முஸ்லிம்கள். சொந்த ஊர் என்னைப்போலவே திருநெல்வேலிப் பக்கம். குழந்தையின் அப்பாவுக்குப் பையும் சூட்கேஸும் விற்கும் ஒரு சின்னக் கடை. என் வாயிலிருந்து எங்கள் ஊர்த் தமிழைக் கேட்டதும் குழந்தையின் தாய் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“யக்கா, மொத ரெண்டும் தங்கல. இதையாவது காப்பாத்திக் குடுத்துருங்க.”

“நாங்க எதுக்கு இருக்கோம்? நீ அழாத” என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன்.

உள்ளே புதிதாகச் சேர்ந்திருந்த டாக்டர் கையுறை மாட்டிக்கொண்டு நின்றார். கெட்டிக்காரர்தான், ஆனால் காலில் சக்கரம் கட்டியவர். டிராலியைப் பார்த்தேன். நாங்கள் வழக்கமாக இந்தக் குழந்தைகளுக்குப் போடும், தண்ணீரில் கலந்த மருந்து தீர்ந்துபோயிருந்தது. அதற்குப் பதிலாக ஸ்டோரிலிருந்து வந்திருந்தது பெரியவர்களுக்குப் போடும் ஸ்பிரிட் கலந்த மருந்து. டாக்டர் பஞ்சை அதில் நனைக்கப் போனார். நான் பாட்டிலை எடுத்து அப்பால் வைத்தேன்.

“சிஸ்டர், டைம் நஹீ ஹை”, நேரமில்லை என்று சீறினார். இன்ஃபெக்ஷன் வந்தால் நீங்களா பொறுப்பு என்று இந்தியில் கேட்டார்.

“ஹாங், மைன்”, ஆமாம், நான்தான் என்றேன். எனக்கும் கோபம் வரும்.

மராத்திக்காரி பிரசவ அறைக்கு ஓடிப்போய் எங்கள் மருந்தைக் கொண்டுவருவதற்கு ஐந்து நிமிடம்தான் ஆனது. அந்த ஐந்து நிமிடமும் அவர் முகத்தை நான் பார்க்கவில்லை. பஞ்சைப் பிழிந்து, சொட்டு வழியாமல் இரண்டு தடவை துடைக்கச் சொன்னேன். பிறகு காய்வதற்காக வாய்விட்டு எண்ணத் தொடங்கினேன். இருபதில் “ஹோ கயா?”, ஆயிற்றா என்றார். ஈரம் இன்னும் மினுங்கியது. “நஹீ” என்று சொல்லி எண்ணிக்கொண்டே போனேன். குழாய் போட்டு முடிந்ததும், தோலில் மிச்சமிருந்த மருந்தைச் சுத்திகரித்த நீரால் துடைத்து எடுத்தேன். குழந்தையை உள்ளங்கையில் தூக்கி அடித்துணியை மாற்றினேன். துணியில் ஓரமாகச் சின்ன ஈரம் இருந்தது. டாக்டரிடம் அதைக் காட்டி, பழைய குழந்தையின் தழும்பைப் பற்றிச் சொன்னேன். என் கையால் வந்தது என்பதையும் சேர்த்துத்தான் சொன்னேன்.

இதோடு முடிந்திருந்தால் நான் நிம்மதியாகப் பெருமை அடித்திருப்பேன். மூன்றாம் நாள் குழந்தை வெளுத்துத் துவண்டது. கிருமி இருக்குமோ என்று ரத்தம் எடுத்துக் கல்ச்சர் சோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வர இரண்டு நாள் ஆகும். பொறுப்பு நான் என்று வாயைக் கொடுத்தவள் நான்தானே? டாக்டர் ஒரு வார்த்தை குத்திக்காட்டவில்லை. அது இன்னும் உறுத்தியது. அந்தத் தாய் கண்ணாடிக்கு வெளியே நின்று என் முகத்தையே பார்ப்பாள். நான் எதையாவது எழுதுவதுபோலக் குனிந்துகொள்வேன். பயந்துபோனேன் என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை. ஆனால் அந்தப் பாட்டிலை மறுபடி டிராலியில் பார்த்திருந்தாலும் மறுபடி எடுத்து அப்பால் வைத்திருப்பேன்.

ரத்தம் எடுத்த இரண்டாம் நாள் மதியம் டாக்டரே என்னைத் தேடி வந்தார். “சிஸ்டர், கல்ச்சர் கிளீன்” என்றார். துவண்டதற்குக் காரணம் ரத்தம் குறைந்திருந்ததுதான். அதை ஏற்றியதும் தேறிவிட்டாள். நான் பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு பாட்டம் அழுதேன். வெளியே வந்தால் அடுத்த குழந்தைக்கு அவர் துடைத்து முடித்து, குழாயைக் கையில் எடுக்காமல் நிற்கிறார். “பாரா... தேரா... சௌதா” என்று இந்தியில் எண்ணிக்கொண்டிருந்தார். பரவாயில்லை, தமிழ் மெதுவாக வரட்டும் என்று விட்டுவிட்டேன்.

சில வாரங்கள் கழித்துக் குழந்தையைத் தாயின் நெஞ்சில் போடும் நாள் வந்தது. துணியில்லாமல் தோலோடு தோலாகக் கிடத்தினோம். அவள் மூச்சுவிடவே பயந்து உட்கார்ந்திருந்தாள். நான் பக்கத்தில் போய், மேலே போர்த்தியிருந்த துணியை விலக்கிக் குழந்தையின் முதுகைப் பார்த்தேன். பூனைமுடி மாதிரி மெல்லிய ரோமம், கீழே சின்னச் சின்ன எலும்புகள், மற்றபடி சுத்தமான தோல். துணியை இழுத்து மூட மனசு வரவில்லை.

“என்னக்கா, நெதமும் இவ முதுகையே பாக்கியளே, அதுல என்ன இருக்கு?” என்றாள் அவள்.

“ஒண்ணும் இல்லல்லா? அதத்தான் பாக்கேன்” என்றேன்.