நான் மொழிபெயர்க்காமல் விட்ட பிரசங்கம்

ஒல்லாந்தில் ஆலயத்துக்கு வருகிறவர்கள் வேதப்புத்தகம் கொண்டு வருவதில்லை. அன்றைய வசனத்தைத் தாளில் அச்சடித்து வாசலில் தருவார்கள். ஆராதனை முடிந்ததும் கோப்பி குடித்த கடதாசிக் கோப்பையோடு அந்தத் தாளும் குப்பைத்தொட்டிக்குள் போகும். முதன்முதல் அதைக் கண்டபோது எனக்குப் பக்கென்றது. எங்கள் ஊருக்குக் கப்பலில் வந்து, கல்லால் கோயில் கட்டி, வேதம் சொன்னவர்களின் சந்ததியல்லவா இவர்கள்?

அகதிகளாக வந்த ஐந்து தமிழ்க் குடும்பங்கள் அந்தச் சபையின் பின்வரிசை வாங்குகளில் இருந்தோம். எனக்கு மொழி கொஞ்சம் பிடிபட்டிருந்தபடியால், போதகரின் பக்கத்தில் நின்று தமிழில் சொல்லும் பொறுப்பு என்னிடம் வந்தது. போதகர் நல்ல மனிதர். முதல் குளிருக்கு வீடு வீடாய்க் கேட்டு எங்களுக்குக் கம்பளிக் கோட்டுகள் சேர்த்துத் தந்தவர். அந்த உயிர்த்த ஞாயிறன்று அவர் சொன்னார்: "கல்லறை ஒருவேளை வெறுமையாக இருந்திருக்கும். ஒருவேளை அது சீடர்களின் மனதில் பிறந்த கதையாக இருக்கும். ஒருவேளை அந்த வித்தியாசமே முக்கியமில்லை. அவரவருக்கு அவரவர் உண்மை." பின்வரிசை வாங்கில் பூமணி அக்கா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். "கல்லறை வெறுமையாக இருந்தது" என்று மட்டும் தமிழில் சொன்னேன்.

பூமணி அக்கா ஊரில் கொடிகாமத்துக்காரர். சைவத் தோட்டக்காரக் குடும்பம். அவரும் கணவரும் எங்கள் ஜெபவீட்டில் ஞானஸ்நானம் எடுத்து ஒரு வருடம்கூட ஆகவில்லை, சந்தைக்குக் கத்தரிக்காய் கொண்டுபோன அந்த மனிதர் விமானக் குண்டில் செத்துப்போனார். கணவரின் தமையன்மார் முற்றத்தில் நின்று, "எங்கடை முறைப்படி எரிக்கத்தான் வேணும்" என்றார்கள். அக்கா என்னைத்தான் பார்த்தார். நான் அப்போது ஞாயிறு பாடசாலை ஆசிரியை. தூரத்தில் ஹெலிகொப்டர் இரைந்தது. "அடக்கம் பண்ணுவம் அக்கா. செத்தவை எழும்புற அந்த நாளிலை அவரை இதே கண்ணாலை காண்பியள்" என்றேன். அந்த ஒரு சொல்லை நம்பி அவர் அடக்கம் செய்தார். அன்றோடு அவருடைய சொந்தம் அறுந்தது.

ஆராதனை முடிந்து வெளியே வந்ததும் அக்கா என் கையைப் பிடித்தார்.

"பிள்ளை, அவர் 'மிஸ்ஹீன்' எண்டு மூண்டு தரம் சொன்னவர். விசாக் கந்தோரிலை எனக்கு எப்பவும் அந்தச் சொல்லைத்தான் சொல்லுறாங்கள். ஒருவேளை எண்டு. நீ அதை ஒருக்காலும் சொல்லேல்லை."

மறைக்க முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். அக்கா ஆலய வாசலை நோக்கித் திரும்பினார். பிறகு, "வா, அவரிட்டையே கேப்பம்" என்றார்.

போதகர் மேசை துடைத்துக்கொண்டிருந்தார். அக்கா கேட்டதை நான் அவருடைய மொழியில் கேட்டேன்: என் கணவர் எழும்புவாரா? அவர் கண் கலங்கி, அக்காவின் கையைப் பிடித்து, "உங்களுக்கு அவர் எழும்புவார்" என்றார். அன்போடுதான் சொன்னார். நான் ஒரு சொல்லும் குறைக்காமல் மொழிபெயர்த்தேன்.

"எனக்கு மட்டுமோ? அவருக்கு இல்லையோ?" என்றார் அக்கா.

அதையும் சொன்னேன். அக்கா ஆறுதல் கேட்கிறார் என்று நினைத்தாரோ என்னவோ, போதகர் இன்னொரு கோப்பி ஊற்றிக் கொடுத்தார்.

அதற்குப் பிறகு என்னைப் பிடித்த பயம் குண்டுப் பயம் போன்றதல்ல. பங்கருக்குள் மண் கொட்டுண்டபோதும் கூப்பிட ஒருவர் இருந்தார். இங்கே, கம்பளம் விரித்த அமைதியில் கண்ணை மூடினால், யாரைக் கூப்பிடுகிறேன் என்று நெஞ்சு கேட்கிறது. அக்காவுக்குக் கொடுத்த வாக்கு என்னுடைய வாக்காய் மட்டும் போய்விட்டதோ என்றும் கேட்கிறது.

அடுத்த ஞாயிறு, பக்கத்து நகரத்தில் ஒரு வீட்டில் தமிழ் ஜெபக்கூட்டம் என்று அக்கா பஸ்ஸுக்கு நின்றார். ஆலயத்துக்கு எதிரேதான் தரிப்பிடம். நானும் கூடப் போய் நின்றேன். உள்ளே மற்ற நான்கு குடும்பங்களும் இருந்தார்கள். போதகர் சொல்வது என் வாயால் மட்டுமே அவர்களுக்குக் கேட்கும். பஸ் வந்தது. ஒரு காலைப் படியில் வைத்தேன்.

"வருகிறீர்களா, இல்லையா?" என்று சாரதி ஒல்லாந்த மொழியில் கேட்டான்.

"நீ உள்ளை போ பிள்ளை, அந்தச் சனங்கள் பாவம்" என்றார் அக்கா.

நான் இறங்கினேன். பஸ் என்னைக் கடந்தபோது ஜன்னலில் அக்கா கண்களை மூடி உதடுகளை அசைத்துக்கொண்டிருந்தார். எனக்காக ஜெபித்தாரா, தனக்காகவா, தெரியவில்லை. எதிரே ஆலய வாசலில் போதகர் எனக்காகக் கதவைத் திறந்து பிடித்தபடி நின்றார்.